ழ எண்பத்தைந்து

லென்ஸ்களுக்கு மீன் பெயர் வைக்கலாம் என்று யோசனை சொன்னவன் கேமரா உதவியாளன் சுஜித்.

“ஒரு செட்டுக்கு இலிஷ், இன்னொண்ணுக்கு சிங்ரி. வேலை முடிஞ்சுது.”

“முடியாது, அங்கதான் ஆரம்பிக்கும்,” என்றார் தாரா. “நீ ஈஸ்ட் பெங்கால் குடும்பம். இலிஷ்னு பேர் வெச்ச லென்ஸ்ல குப்பைத்தொட்டியைக் காட்டினாலும் கண்ணுல தண்ணி விடுவே. நம்ம டைரக்டர் கீதாஞ்சலி மோகன் பாகன் கட்சி. சிங்ரியைத் தவிர எதுக்கும் ஓட்டுப் போடமாட்டா. அப்புறம் டெஸ்ட் எதுக்கு? ஏரிக்கரைக்குப் போய் ஒரு பந்தை உதைச்சு முடிவு பண்ணிக்கலாமே.”

கால்பந்தில் ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் இலிஷ் மீனும் மோகன் பாகன் ஜெயித்தால் சிங்ரி என்கிற இறாலும் விலை ஏறுகிற ஊர் அது. ஒளிப்பதிவாளர் தாராவுக்கு வேண்டியதோ, யாருக்கும் எந்தப் பாசமும் இல்லாத இரண்டு பெயர்கள். மேஜையின் மேல் இரண்டு பெட்டிகள் திறந்து கிடந்தன. பெட்டிக்கு ஆறாகப் பன்னிரண்டு லென்ஸ்கள். இரண்டு செட்டும் புத்தம் புதியவை, அந்த மாதம்தான் கல்கத்தாவுக்கு வந்திறங்கியவை. ஒரு நாளைக்கு மட்டும், தன் கடை மாடியிலேயே, சோதித்துப் பார்க்கக் கொடுத்திருந்தார் லேக் கார்டன்ஸில் கேமரா வாடகைக்கு விடும் கடைக்காரர். கம்பெனியின் பெயர் தெரிந்தால் கண் பொய் சொல்லும் என்பது தாராவின் கட்சி. அதனால் பெயர்களின் மேல் கறுப்பு நாடா ஒட்டியாகிவிட்டது. நாடாவின் மேல் என்ன எழுதுவது என்பதில்தான் சண்டை.

“இந்து, உங்க பாஷையில ரெண்டு எழுத்து எழுதிடு. இங்க யாருக்கும் படிக்க வராது,” என்றார் தாரா.

இந்துஜா வெள்ளைப் பேனாவை எடுத்தாள். கோயம்புத்தூரை விட்டு வந்து ஐந்து வருடமாகிறது. தமிழில் கடைசியாக எப்போது கையால் எழுதினோம் என்று அவளுக்கு ஞாபகமில்லை. எழுதி நாளான எழுத்துகள் எவை என்று யோசித்து, ஒரு பெட்டியின் ஆறு லென்ஸ்களிலும் ‘ஞ’ என்று எழுதினாள். மற்றதில் ‘ழ’.

சுஜித் குனிந்து பார்த்தான். “இது ஜிலிபி,” என்று ‘ஞ’வைக் காட்டிச் சொன்னான். ‘ழ’வைத் தலையைச் சாய்த்துப் பார்த்தான். “இது தூண்டில் முள். சரிதான், மீன் போனாலும் முள் வந்துடுச்சு.”

எந்த எழுத்து எந்தக் கம்பெனி என்பது இந்துஜாவுக்கு மட்டும் தெரியும். மாலை வரை அவள் வாயைத் திறக்கக் கூடாது.

அது அவளுக்குப் பெரிய கஷ்டமில்லை. அன்றைய கஷ்டம் வேறு. மூன்று படங்களில் கிளாப் பலகை அடித்தவள், லென்ஸ் பெட்டி சுமந்தவள், அன்றுதான் முதல் தடவையாக ஃபோக்கஸ் புல்லராக நிற்கிறாள். படம் பார்க்கிறவர்களுக்குத் தெரியவே கூடாத வேலை அது. நடிகை ஒரு அடி முன்னால் வந்தால், லென்ஸும் தன் பார்வையை ஒரு அடி முன்னால் இழுத்துக்கொள்ள வேண்டும். அதை இழுப்பது இவள் கை. சரியாகச் செய்தால் அப்படி ஒரு ஆள் இருந்ததே தெரியாது. தவறினால் தியேட்டர் முழுக்கக் கண்ணைக் கசக்கும்.

“இன்னைக்கு நீ நில்லு,” என்று காலையில் தாரா சொல்லியிருந்தார். “சரியா இருந்தா படத்துக்கும் நீதான். இல்லேன்னா பட்டாபி. சாயங்காலம் நாலு மணிக்குப் புரொடியூசருக்கு ஒரு பேர் சொல்லணும்.”

பட்டாபி சென்னையில் இருந்தார். பதினொரு படம் செய்தவர். தயாரிப்பாளருக்கு அவர்மேல்தான் நம்பிக்கை.

ஜன்னலோரம் போட்டிருந்த நாற்காலியில் கோமதியக்கா உட்கார்ந்திருந்தாள். டாக்குரியாவில் இந்துஜா குடியிருக்கும் வீட்டின் கீழ்த்தளம் அவளுடையது. கணவருக்குத் துறைமுகத்தில் உத்தியோகம். தூத்துக்குடியிலிருந்து மாற்றலாகி வந்து மூன்று வருடம் ஆகியும் அக்காவின் வங்காளம் நான்கு சொற்களைத் தாண்டவில்லை. அதில் இரண்டு மீன்காரரிடம் மட்டுமே செல்லும்.

அவளை அழைத்து வந்ததற்குக் காரணம் இருந்தது. இயக்குநர் கீதாஞ்சலியின் கதையில் நாயகி தெற்கிலிருந்து வந்த நர்ஸ். ஹவுராவில் வேலை, தினமும் படகில் ஆற்றைக் கடக்கிறவள். நல்ல கறுப்பு. நடிகை அடுத்த மாதம்தான் வருவாள். அந்த நிறத்தில் லென்ஸ்கள் எப்படி நடந்துகொள்கின்றன என்று பார்க்க ஒரு முகம் வேண்டியிருந்தது.

“நெறத்துக்காகக் கூப்பிட்டியாக்கும்?” என்று கேட்டிருந்தாள் அக்கா. “பொண்ணு பாக்க வந்தப்ப இதே நெறத்தப் பாத்துத்தான் மூஞ்சியச் சுளிச்சாவ. இங்க என்னன்னா ரெண்டு பொட்டி கண்ணாடி வெச்சுல்லா பாக்குதாவ!” சொல்லிவிட்டு, துர்கா பூஜைக்கு வாங்கிய அரக்குச் சேலையைக் கட்டிக்கொண்டு, மூக்குத்தியும் மூன்று கல் கம்மலுமாக முதல் ஆளாய்க் கிளம்பி நின்றாள்.

மதியம் ஒரு மணிக்கு ‘ஞ’ செட்டில் ஆரம்பித்தார்கள்.

ஒவ்வொரு லென்ஸையும் மாட்டி, அக்காவின் கண்ணுக்கும் கேமராவுக்கும் நடுவே நாடா பிடித்து அளந்தாள் இந்துஜா. அவள் கையில் ஒரு சின்னக் கருவி. அதில் ஒரு குமிழ், குமிழைச் சுற்றி ஒரு வெள்ளை வளையம். குமிழைத் திருகினால் தூரத்தில் நிற்கும் கேமராவில் லென்ஸ் திரும்பும். மூன்றடி எங்கே, நாலடி எங்கே, ஐந்தடி எங்கே என்று வளையத்தின் மேல் பேனாவால் கோடு போட்டுக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு லென்ஸுக்கும் கோடு வேறு. ஆகவே ஒவ்வொன்றுக்கும் தனி வளையம். காலை முழுக்க உட்கார்ந்து பன்னிரண்டு வளையங்களையும் கோடு போட்டுத் தயார் செய்திருந்தாள். அவற்றின் ஓரத்தில் எழுத்தும் லென்ஸின் மில்லிமீட்டர் அளவுமாக ‘ஞ 25’, ‘ஞ 35’ என்று குறிப்பும்.

‘ஞ’ வரிசை, பார்த்தவர்கள் வாயை அடைத்தது. திரையின் நடுவில் மட்டுமல்ல, நான்கு மூலைகளிலும் எல்லாம் பளிச்சென்று நின்றன. அக்காவின் சேலை நூல் நூலாகத் தெரிந்தது. ஜன்னல் கம்பியின் துரு, கழுத்து மடிப்பில் தங்கிய பவுடர், புருவத்தில் ஒரேயொரு நரைமுடி. சுஜித் எழுந்து வந்து திரையைத் தொட்டே பார்த்துவிட்டான்.

“இது லென்ஸ் இல்ல, ரேஷன் கார்டு அதிகாரி. ஒண்ணையும் விடமாட்டேங்குது.”

பிறகு ‘ழ’. இருபத்தைந்து, முப்பத்தைந்து, ஐம்பது. இவை வேறு மாதிரி பார்த்தன. கூர்மை குறையவில்லை. ஆனால் முகத்தைத் தாண்டியதும் உலகம் அவசரமில்லாமல் கரைந்தது. மூன்று மணி வெயில் மேற்கிலிருந்து சாய்ந்து அக்காவின் கன்னத்தில் விழ, அந்தக் கறுப்புக்குள் இத்தனை நிறங்களா என்று இந்துஜா நினைத்தாள். ஊதா இருந்தது, செம்பு இருந்தது, தாடைக்குக் கீழே ஈரமண் இருந்தது.

க்ளோஸப்புக்கான எண்பத்தைந்தை மட்டும் இரண்டு செட்டிலும் ஒரே வெயிலில் பார்க்க வேண்டும் என்று தாரா கடைசிக்கு வைத்திருந்தார். ‘ஞ’ எண்பத்தைந்தில் எடுத்து முடித்ததும் ‘ழ’ எண்பத்தைந்தை மாட்டினாள். மாட்டிவிட்டுத் திரையை நிமிர்ந்து பார்த்தவள் அப்படியே நின்றாள்.

அக்காவுக்குப் பின்னால் ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே தூங்குமூஞ்சி மரம். மரத்துக்குப் பின்னால் ரயில் பாதை. இலைகளுக்கு நடுவே தெரிந்த வானத்துண்டு ஒவ்வொன்றும் ஒரு வட்டமாகியிருந்தது. சின்னதும் பெரியதுமாக நூறு வெளிச்ச வட்டங்கள், ஒன்றின் மேல் ஒன்று படிந்து, காற்றுக்கு மெல்ல அசைந்தன. அந்த நேரம் பார்த்து பட்ஜ் பட்ஜ் லோக்கல் கடந்து போனது. பெட்டிகள் தெரியவில்லை. கம்பியைப் பிடித்துத் தொங்கிய ஆட்கள் தெரியவில்லை. வெயில் பட்ட ஜன்னல்கள் மட்டும் மணிமணியாக, அறுந்த மாலை நேர்க்கோட்டில் உருள்வதைப்போல, அக்காவின் காதுக்குப் பின்னாலிருந்து கிளம்பி மறு காதுக்குப் பின்னால் மறைந்தன. ஐந்து வருடமாக அவள் தினமும் தொங்கிக்கொண்டு போகும் ரயில் அது.

“இந்து! ரோலிங்!” என்று சுஜித் கத்தினான்.

அவள் கை தானாகக் குமிழுக்குப் போய் ஐந்தடிக் கோட்டில் நின்றது. முப்பது விநாடி. கட்.

*

மூன்றரைக்கு எல்லோரும் பெரிய திரையின் முன் கூடினார்கள். சிவப்பு ஃபிரேம் கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டு, சோபாவின் நுனியில் உட்கார்ந்திருந்தார் கீதாஞ்சலி. ஒரு வாரமாகத் தூக்கமில்லை அவருக்கு. சூயிங்கம்மைத் துப்பாமல் மென்றுகொண்டே இருந்தார். அக்காவுக்கு நடுவில் இடம் போட்டுக் கொடுத்து, “பௌதி, உங்க முகம், நீங்கதான் நீதிபதி,” என்றான் சுஜித், அண்ணி முறை கொண்டாடி. என்ன சொல்கிறான் என்று புரியாமல் அக்கா தாராளமாகத் தலையாட்டினாள்.

ஞ எண்பத்தைந்து வந்தது. “ஐயய்யோ,” என்றாள் அக்கா. ரேஷன் அதிகாரி மறுபடியும் எல்லாவற்றையும் எண்ணிக் காட்டினார்.

ழ எண்பத்தைந்து வந்தது.

வெளிச்ச வட்டங்கள் மிதந்தன, ரயில் மணிமாலையாக ஓடியது. நடுவில் அக்காவின் முகம். அதில் கண்கள் மட்டும் லேசாக, மிக லேசாக, எங்கோ தொலைவில் இருந்தன. தூங்கி எழுந்து இன்னும் முழுசாக இந்தப் பக்கம் வந்து சேராதவளின் கண்கள்.

அக்கா கண்ணைச் சுருக்கிக்கொண்டு திரையைப் பார்த்தாள்.

“மங்கலா இருக்கே!” என்றாள்.

கீதாஞ்சலி துள்ளி எழுந்தார். “மங்கல்! கேட்டீங்களா எல்லாரும்? மங்கல்னு சொல்றாங்க!”

வங்காளத்தில் அந்தச் சொல் சுபம், நல்லது நடக்கும் என்று பொருள்படும். தமிழிலும் ஒரு ‘அம்’ சேர்த்தால் அதே பொருள்தான். சேர்க்காமல் விட்டால் கண்ணாடி மாற்றவேண்டிய சமாச்சாரம். கீதாஞ்சலிக்கு அது தெரிய வழியில்லை. படகுத்துறைக்கு இடம் பார்க்கப் போனாலே தண்ணீரில் என்ன மிதந்து வருகிறது என்று சகுனம் பார்க்கிறவர்.

“போதும். இதுதான். இந்தக் கண்ணுதான் எனக்கு வேணும். பன்னிரண்டு வருஷம் கழிச்சுத் தங்கச்சியைப் பாக்கற நம்ம நர்ஸோட கண்ணு. தூண்டில் முள்! முள்ளை எடுத்துக்கிட்டு ஜிலிபிப் பெட்டியை மூடுங்க.”

இந்துஜா திரையைப் பார்த்தபடி இருந்தாள். அவள் கண் அக்காவின் காதில் போய் நின்றது.

மூன்று கல் கம்மல். ஒவ்வொரு கல்லும் தனித்தனியாக, முனை முனையாக வெட்டிக்கொண்டு மின்னியது. கல்லைப் பிடித்திருந்த கம்பிகூடத் தெரிந்தது. மூக்குத்தியோ பஞ்சுப் பொட்டாக இருந்தது. எண்பத்தைந்தில் ஐந்தடி தூரத்தில் ஒரு அங்குலம்தான் கூர்மை நிற்கும். அந்த ஒரு அங்குலம் கண்ணில் நிற்காமல் காதில் போய் நின்றிருக்கிறது.

கையிலிருந்த கருவியை மெதுவாகத் திருப்பினாள். வளையத்தின் ஓரத்தில் அவள் கையெழுத்து: ஞ 85.

ரயிலைப் பார்த்துக்கொண்டு நின்றவள் வளையத்தை மாற்றவே இல்லை. முந்தின லென்ஸின் கோட்டை வைத்து இந்த லென்ஸைத் திருகியிருக்கிறாள். இரண்டு கோட்டுக்கும் வித்தியாசம் நகக்கண் அளவு. அக்காவின் முகத்தில் அது நான்கு அங்குலம்.

அந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் அந்த அறையில் இரண்டே பேர். இன்னொருவருக்கு அது எதற்கென்று தெரியாது. வளையம் காந்தத்தால் ஒட்டிக்கொள்வது. இரண்டு விரலால் எடுத்தால் வந்துவிடும். எடுத்துப் பையில் போட்டால் போதும், அந்தக் கண்ணின் தொலைவு லென்ஸின் குணமாகிவிடும். கீதாஞ்சலி சந்தோஷம். தயாரிப்பாளருக்கு நாலு மணிக்கு ஒரு பெயர்.

தாரா மட்டும் எழுந்திருக்கவில்லை. மறுபடி ஓடவிட்டு, மறுபடி நிறுத்தினார்.

“நல்லாத்தான் இருக்கு,” என்றார். “ஆனா ஐம்பதுல இந்தக் குணம் இல்லையே. முப்பத்தஞ்சுலயும் இல்ல. ஒரே குடும்பத்துல ஒரு புள்ள மட்டும் எப்படி இப்படிப் பொறக்கும்?” அவர் திரும்பி இந்துஜாவைப் பார்த்தார். சந்தேகமில்லை அந்தப் பார்வையில். ஒரு தொழில்காரர் இன்னொரு தொழில்காரரைக் கேட்கும் பார்வைதான். “ஃபோக்கஸ் கண்ணுலதானே இருந்துச்சு, இந்து?”

ஆமாம் என்பது சின்னச் சொல். வங்காளத்தில் இன்னும் சின்னது. அது நாக்கின் நுனிவரை வந்தது. படப்பிடிப்பு தொடங்கிய பிறகு கீதாஞ்சலி தினமும் அந்தக் கண்ணைக் கேட்பார், இந்த லென்ஸ் தினமும் அதைத் தர மறுக்கும், ஏன் என்று ஒருவருக்கும் விளங்காது. நாற்பது நாள் ஆறு பேர் ஒரு லென்ஸைத் திட்டிக்கொண்டிருப்பார்கள்.

“இல்ல, தாரா தீதி,” என்றாள். “காதுல இருந்துச்சு. வளையத்த மாத்தல. ஜிலிபியோட வளையத்துல முள்ளைத் திருப்பிட்டேன்.”

சுஜித் ‘ஐயோ’ என்பதைப்போல வாயைக் குவித்தான். சத்தம் வரவில்லை.

“எத்தனை ஷாட்?”

“இது ஒண்ணுதான்.”

“எப்பத் தெரியும்?”

“இப்பத்தான். கம்மலைப் பாத்து.”

“நான் கேக்கலேன்னா சொல்லியிருப்பியா?”

இந்துஜா யோசித்தாள். “தெரியல.”

தாராவின் முகம் இறுகியது. “டெஸ்ட்டுன்னா என்ன? லென்ஸ் பொய் சொல்லுதான்னு பாக்கற எடம். இங்க நம்ம கையே பொய் சொன்னா?” அதற்கு மேல் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது இந்துஜாவுக்கு. 

கீதாஞ்சலி நின்ற இடத்திலேயே நின்றார். “ஆனா பௌதி மங்கல்னு சொன்னாங்களே...”

“தமிழ்ல அதுக்கு அர்த்தம் வேற,” என்று இந்துஜா தரையைப் பார்த்துச் சொன்னாள். “கலங்கலாத் தெரியுதுன்னு அர்த்தம்.”

சுஜித்தால் அடக்க முடியவில்லை. சோபாவில் சரிந்து விழுந்து சிரித்தான். கீதாஞ்சலியே வாயைப் பொத்திக்கொண்டார். சிரிப்புக்குக் காரணம் தெரியாத அக்கா எல்லோர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“என்னட்டி, நான் எதும் தப்பாச் சொல்லிட்டேனா?”

“இல்லக்கா. நீங்க ஒருத்தர்தான் சரியாச் சொன்னீங்க.”

தாராவின் தொலைபேசி அடித்தது. அவர் ஜன்னல் பக்கம் போனார். ஆனாலும் எல்லோருக்கும் கேட்டது. “ஆமா. ரெண்டு கேமரா. ஆமா... பட்டாபிக்கு டிக்கெட் போட்டுடுங்க.”

இந்துஜா கருவியிலிருந்து வளையத்தைக் கழற்றினாள். துடைத்து, பெட்டியில் அதன் இடத்தில் வைத்தாள்.

*

“வெளிச்சம் இன்னும் இருபது நிமிஷம் இருக்கும்,” என்றார் தாரா. “எண்பத்தஞ்ச மறுபடி எடுக்கணும். மாட்டு.”

வேலை போய்விட்டது. ஆனாலும் லென்ஸுக்கு ஒரு நியாயம் கிடைக்க வேண்டும். அக்காவை மறுபடி நாற்காலியில் உட்கார்த்தினாள். நாடா பிடித்தாள், மூன்று தடவை அளந்தாள். ‘ழ 85’ வளையத்தை மாட்டி, எழுத்தை வாய்விட்டே படித்தாள்.

“ழவா? எங்க வீட்டுக்காரருக்கு அது வாயில வராது,” என்றாள் அக்கா.

“பேசாதீங்கக்கா, ஆடிடும்.”

ரோலிங். குமிழைத் திருகி ஐந்தடியில் நிறுத்தினாள்.

இந்தத் தடவை நேராகப் பெரிய திரைக்கே படம் போனது. கண் வந்து நின்றது.

எந்த லென்ஸிலும், எந்தப் படத்திலும் இந்துஜா ஒரு கண்ணை அப்படிப் பார்த்ததில்லை. கருவிழி கறுப்பே இல்லை. தேன் நிறத்தில் நூறு இழைகள் நடுவிலிருந்து வெளியே விரிந்தன. அதன் மேல் ஒரு மெல்லிய நீர்ப்படலம். அதில் ஜன்னல் இருந்தது, கம்பிகள் இருந்தன. கம்பிகளுக்கு அப்பால், கடுகளவில், முழு மரமும் இருந்தது. இந்தப் பக்கத்தில் நான்கு உருவங்கள். உட்கார்ந்திருப்பது தாரா, நிற்பது கீதாஞ்சலி, தலைமயிர் சிலிர்த்தது சுஜித். ஓரத்தில் கையில் எதையோ பிடித்தபடி நிற்பது யார் என்று பார்த்தாள். அது அவள்தான்.

இத்தனைக்கும் அந்த லென்ஸ் எதையும் எண்ணிக் காட்டவில்லை. கண்ணை மட்டும் சொல்லிவிட்டு, கன்னத்துக்கு வரும்போதே குரலைத் தாழ்த்தியது. அடுத்த ரயில் வந்தது. கட்டடம் எப்போதும்போல லேசாக அதிர்ந்தது. அக்கா அசையவில்லை. கண்ணின் மேலிருந்த நீர் மட்டும் நடுங்கியது, மரம் நடுங்கியது, அந்த நான்கு பேரும் நடுங்கினார்கள். ரயில் போனதும் அடங்கினார்கள்.

தாரா கட் சொல்ல மறந்துவிட்டார்.

கடைசியில் கீதாஞ்சலிதான் பேசினார், மிகத் தணிந்த குரலில். “இதுவும் வேணும். அதுவும் வேணும்.”

“எது?”

“அந்தக் காது. முதல்ல அவ இங்க இல்ல. தங்கச்சியைப் பாக்கறா. வந்து சேர்றா. அந்த மங்கல்ல இருந்து இதுக்கு...” அவர் இந்துஜா பக்கம் திரும்பினார். “அதே தப்புல ஆரம்பிச்சு இங்க கொண்டுவர முடியுமா? மெதுவா?”

இந்துஜா தாராவைப் பார்த்தாள். அவர் கையை மட்டும் லேசாக அசைத்தார்: செய்.

குமிழை நகக்கண் அளவு பின்னால் எடுத்தாள். கம்மல் மின்னியது, கண் தொலைந்தது. பிறகு விரலை அல்ல, மூச்சை நகர்த்துவதுபோல நகர்த்தினாள். கூர்மை காதிலிருந்து புறப்பட்டது. கன்னத்து மயிர்க்கால்களின் மேல் நடந்து, இமையோரத்தில் ஒரு கணம் தயங்கி, கண்ணுக்குள் இறங்கியது. அது இறங்கும்போது முகமே ஒரு இம்மி பெரிதானது. கேமரா நகரவில்லை. அக்கா நகரவில்லை. ஆனால் அவள் ஒரு பெருமூச்சோடு இந்தப் பக்கம் வந்ததுபோல இருந்தது.

“பாத்தியா, லென்ஸ் மூச்சு விடுது,” என்றார் தாரா. “ஃபோக்கஸ் மாறும்போது படம் உப்பும். அதைக் குறைன்னுதான் நாங்க சொல்லுவோம். ஜிலிபில போட்டுக் காட்டு.”

ஞ எண்பத்தைந்தை மாட்டினார்கள். இப்போது வளையத்தை மூன்று பேரும் சரிபார்த்தார்கள், அதில் இரண்டு பேருக்கு எழுத்தே தெரியாது. அதே இழுப்பு. கூர்மை காதிலிருந்து கண்ணுக்கு வழுக்கிக்கொண்டு வந்தது. படம் துளியும் உப்பவில்லை. துடைத்துவைத்த கண்ணாடிபோலக் குற்றமற்றிருந்தது.

“அற்புதம்,” என்றான் சுஜித். “உயிரோட இருக்கற மாதிரிதான் இல்ல.”

“முள்,” என்றார் கீதாஞ்சலி.

தாரா தலையாட்டினார். “முள்தான்.” பிறகு, “மறுபடி அதுல போடு, இந்து. அஞ்சு தடவை இழு. ஒரு தடவை நல்லா வர்றது அதிர்ஷ்டம்.”

ஐந்து தடவை இழுத்தாள். இரண்டாவது தடவை இமையைத் தாண்டி நெற்றிக்குப் போய்விட்டது. நான்காவதில் அவசரப்பட்டாள். மூன்று தடவை கண்ணில் வந்து இறங்கியது. மூன்றாவது முறை இறங்கியபோது ஜன்னல் வெளிச்சம் செம்பாகிவிட்டிருந்தது, மரம் கண்ணுக்குள் எரிந்தது.

“அஞ்சுக்கு மூணு,” என்றார் தாரா, கேபிளைச் சுருட்டியபடி. “பட்டாபி அஞ்சுக்கு அஞ்சு எடுப்பார். மெயின் ஏ கேமரா அவர்தான். அதுல மாத்தமில்ல.” சுருட்டி முடித்துவிட்டு நிமிர்ந்தார். “ரெண்டாவது பி கேமரா நீ. இந்தக் கீதாஞ்சலி க்ளோஸப் எல்லாத்தையும் பி கேமராவுக்கே தள்ளிவிடுவா, எனக்குத் தெரியும். ஷூட்டிங்குக்கு இன்னும் முப்பத்திரண்டு நாள் இருக்கு. அஞ்சுக்கு நாலாவது ஆக்கு.”

*

“அஞ்சு மணிக்குத் தண்ணி வந்துரும்ட்டி,” என்று அவசரப்படுத்தினாள் கோமதியக்கா. டாக்குரியா போகும் ஆட்டோவில் இருவரும் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். தெருமுனையில் பூஜைப் பந்தலின் மூங்கில்கள் இன்னும் அடுக்கியே கிடந்தன. இந்துஜா வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். தெருவிளக்கு, அதற்குப் பின்னால் மரம், மரத்துக்குப் பின்னால் மொட்டைமாடித் துணி என்று அவள் பார்வை தாவியது. தாவுகிற ஒவ்வொரு இடத்திலும் தானே போய்த் தெளிந்து நின்றது. வளையமில்லை, கோடில்லை. இத்தனை வருடமாக இது சத்தமில்லாமல் நடந்துகொண்டிருந்திருக்கிறது.

“நீ உம்முனு வாரதப் பாத்தா பயமா இருக்கு. வேலை கெடச்சுதா, இல்லியா?”

“பாதி கெடச்சிருக்குக்கா.”

“அது என்ன பாதி? எந்தப் பாதி?”

“தூரத்துல இருக்கறதெல்லாம் பட்டாபி சார். கிட்டத்துல வர்றது நான்.”

அக்காவுக்கு விளங்கவில்லை. விளங்காததை அப்படியே விட்டுவிடும் பழக்கமும் அவளுக்கு இல்லை. “வெளங்குற மாதிரிச் சொல்லுட்டி,” என்று முகத்தை இந்துஜாவின் முகத்தருகே கொண்டுவந்து உற்றுப் பார்த்தாள். மூன்றடி, இரண்டடி, ஒரு சாண்.

மடியில் கிடந்த இந்துஜாவின் கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் இல்லாத குமிழ் ஒன்றை மெதுவாகத் திருகின.